எடை குறைப்பு ஆபரேஷனுக்கு எப்படித் தயாராவது? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் பென்னாகரம் பக்கம். வயது 34, எடை 118 கிலோ, உயரம் 163 செ.மீ. ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டார். இன்சூரன்ஸ் பணம் தருமா, இரைப்பையில் செய்யும் இரண்டு வகை ஆபரேஷன்களில் ஸ்லீவா பைபாஸா, அதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நான் தருமபுரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் செய்துகொண்டேன். அப்போது எடை 92, உயரம் 155. இப்போது 66 கிலோ.

ஆபரேஷன் தேதியைக் கேட்பதற்கு முன் ஒரு ஃபைல் போடுங்கள். நான் அதைக் கடைசியில் செய்ததால்தான் அவ்வளவு அலைந்தேன்.

எடை குறைப்பு ஆபரேஷனுக்கு எப்போது பணம் தரலாம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் பொதுவாக ஒரு விதி வகுத்தது. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரை வேண்டும், பி.எம்.ஐ. (எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-க்கு மேல்தான் இருக்கிறது என்றால், கூடவே கட்டுப்படாத சர்க்கரையோ, கடுமையான தூக்க மூச்சுத்திணறலோ, குறிப்பிட்ட இதய நோயோ இருக்க வேண்டும். அதுவும் மற்ற வழிகளில் முயன்று பலிக்காத பிறகு. ஆனால் நம் நாட்டு டாக்டர்கள் பின்பற்றும் அளவு இதைவிடக் குறைவு. அதனால் டாக்டர் ‘உங்களுக்குச் செய்யலாம்’ என்று சொன்னதை வைத்து இன்சூரன்ஸும் தந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

என் பி.எம்.ஐ. 38.3. ஆகவே சர்க்கரை கட்டுப்படவில்லை, மற்றதெல்லாம் முயன்று பார்த்தாயிற்று என்று நான் காட்ட வேண்டியிருந்தது. எனக்குக் கை கொடுத்தது மக்களைத் தேடி மருத்துவம் அட்டை. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அதே திட்டம்தான். மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் அக்கா ஒவ்வொரு முறையும் தேதி போட்டு சர்க்கரை அளவை எழுதிவிட்டுப் போவார். மஞ்சள் கறை படிந்து ஓரம் கிழிந்த அந்த அட்டையில் இரண்டு வருடக் கணக்கு இருந்தது: 210, 245, 198, 260. அதோடு டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த சீட்டுகளையும் சேர்த்து வைத்தேன். உங்களிடம் இப்படி எந்தக் காகிதம் இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

அப்படியும் கேஷ்லெஸ் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டுவது) கேட்டபோது நின்றுவிட்டது. அட்மிஷன் சமயத்தில் ‘சர்க்கரை எத்தனை வருஷமா?’ என்று கேட்டார்கள். கூட வந்த நாத்தனார், ‘அஞ்சாறு வருஷம் இருக்கும்’ என்றார். அதையே எழுதிவிட்டார்கள். எங்கள் பாலிசி எடுத்து அப்போது நான்கு வருடம்தான். நோயை மறைத்து பாலிசி எடுத்தீர்களா என்று கம்பெனி கேட்டது. உண்மையில் எனக்கு சர்க்கரை தெரியவந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. கணவர் வீட்டுக்கு ஓடி, முதன்முதலில் எடுத்த லேப் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து அனுப்பிய பிறகுதான் நகர்ந்தது. இன்னொரு கேள்வியும் வந்தது. ஒரு காகிதத்தில் உயரம் 155, இன்னொன்றில் 158. செருப்போடு நிற்கவைத்து அளந்திருந்தார்கள். எல்லாம் முடிந்து அனுமதி வந்தது பதினோராவது நாள்.

ஆகவே உண்மையான தேதியைக் காகிதத்தோடு சொல்லுங்கள், குத்துமதிப்பாக எதையும் சொல்லவேண்டாம். கூட வருபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். மறுத்துவிட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

சரி, எந்த ஆபரேஷன்? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், வாழைப்பழம் போல ஒரு குழாய்தான் மிஞ்சும். பைபாஸில் சின்னப் பையாக இரைப்பையைப் பிரித்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டி, அதற்கு அடுத்த பகுதியோடு நேராக இணைப்பார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஸ்லீவ் என்றதால் நானும் அதையே நினைத்துப் போனேன். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் அடியில் அமிலம் பட்டுப் புண்ணாகியிருந்தது தெரிந்தது. ராத்திரி நெஞ்செரிச்சலில் இரண்டு தலையணை வைத்துப் படுத்துக்கொண்டிருந்தேன், ஆனால் அதை டாக்டரிடம் சொல்லத் தோன்றவே இல்லை. ஸ்லீவ் செய்தால் எதுக்களிப்பு அதிகமாகலாம், சர்க்கரைக்கும் பைபாஸ்தான் நன்றாகக் கேட்கும் என்று சொல்லி டாக்டர் பைபாஸுக்கு மாற்றினார். பைபாஸிலும் சிரமம் உண்டு. இனிப்பு சாப்பிட்டால் வியர்த்து, மயக்கம் வந்து, வயிறு கலங்கும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. அந்தச் செலவைப் பொதுவாகப் பாலிசி தராது, மாதக் கணக்கில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பைத் தயார் செய்வது பற்றி. கடைசி இரண்டு வாரம் பெரும்பாலும் திரவம்தான். கல்லீரலில் கொழுப்பு குறைந்து சுருங்கினால்தான் டாக்டருக்கு இரைப்பை தெரியும். அந்த நாட்களில் பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரை போட்டால் தாழ்சர்க்கரை வந்துவிடும். எந்த மாத்திரையை எப்போது குறைப்பது, நிறுத்துவது என்று டாக்டரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விட வேண்டும்.

ஆனால் எனக்கு மிகவும் உதவியது அதற்கு இரண்டு மாதம் முன்பே செய்த பழக்கம். மாமியார் உருட்டும் ராகிக் களி தேங்காய் அளவு இருக்கும். அதை எலுமிச்சை அளவாக்கினேன். சின்ன ஸ்பூன், ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்லுதல், முதலில் முட்டையோ சுண்டலோ, அப்புறம்தான் களி. சாப்பிடும்போது தண்ணீர் இல்லை, அரைமணி கழித்துத்தான். இதுதான் ரொம்பக் கஷ்டம், கை தானாகச் சொம்புக்குப் போகும். மாமியார் ஒருநாள் பார்த்துவிட்டு அந்தச் சொம்பை எடுத்துத் திண்ணையில் வைத்தார். ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு வடிகட்டிய கூழ், கொள்ளு ரசம், மோர் என்று போனபோது நான் தடுமாறவில்லை. மூன்றாவது மாதம் முடி கொட்டியது. புரதத்தைச் சரியாக எடுத்துக்கொண்டேன், கொஞ்ச நாளில் நின்றது.

உங்கள் பி.எம்.ஐ. 44-க்கு மேல் வருகிறது. 40-ஐத் தாண்டிவிட்டதால், கூடவே வேறு நோய் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் பாலிசியில் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு சில சிகிச்சைகளுக்குப் பணம் கேட்க முடியாத ஆரம்ப காலம்) முடிந்துவிட்டதா, எடை குறைப்பு ஆபரேஷனுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓசூர் கம்பெனி வேலையில் வரும் குரூப் பாலிசி என்றால் இதை எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்வார்த்தையில் வேண்டாம். பதிலை அச்செடுத்து ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள்.