சைக்கிள் பின் ரிம் அடிக்கடி கோட்டமாகிறது. புது ரிம் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில், ரிம்மை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஒரே வருடத்தில் இரண்டு பின் ரிம் மாற்றிய ஆள் நான். மூன்றாவதாக ஒன்று கேட்டுப் போனபோது, தூத்துக்குடியில் ஒரு கடை அண்ணாச்சி சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரிம்மு என்ன செய்யும் தம்பி, போக்ஸ் கம்பி பூரா தொளதொளன்னு கெடக்கு" என்றார்.

விஷயம் இதுதான். சக்கரம் சுற்றும்போது தரைக்கு நேராக வரும் கம்பிகளின் இறுக்கம் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்து, மறுபடி ஏறும். நன்றாக இழுத்துக் கட்டிய கம்பி அதைத் தாங்கிக்கொள்ளும். தளர்ந்த கம்பி அந்த நேரத்தில் அடியோடு தொய்ந்துவிடும். கம்பியை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் சின்னத் திருகான நிப்பிள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும், ரிம் ஆடும். கடைசியில் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் மாட்டுகிற வளைவில் கம்பி அறும். அதிலும் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீல் இருக்கிற வலது பக்கம்தான் அதிகம். விரலால் சுண்டிப் பாருங்கள்: ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் கேட்க வேண்டும். பின் சக்கரத்தில் இடதும் வலதும் வேறு சுருதியில்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

நிப்பிள் ஓட்டையைச் சுற்றிக் கீறல் விட்டிருந்தாலோ, பள்ளத்தில் விழுந்து விளிம்பு மடங்கியிருந்தாலோ ரிம்மை மாற்றத்தான் வேண்டும். பிரேக் கட்டை உரசும் சுவரில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் அதுவும் ஆபத்து. காற்றழுத்தத்தில் சுவர் ஒருநாள் பிளந்துவிடும். ஸ்டீல் ரிம் என்றால் டயரைக் கழற்றி உள்ளே பாருங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் வெளியே பளபளக்கும், உள்ளே துரு தின்றிருக்கும்.

வாங்கும்போது "26 இஞ்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் ஒரு தடவை காசை விட்டேன். டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல ஒரு எண் இருக்கும். பின்னால் வரும் எண்தான் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 26×1⅜ டயருக்கு 590, மலை சைக்கிளின் 26-க்கு 559. ஒன்று மற்றதில் உட்காரவே உட்காராது. பழைய 28×1½ சைக்கிளுக்கு 635, ரோடு சைக்கிள்களில் வரும் 700சி அளவுக்கு 622.

ஓட்டை எண்ணிக்கை ஹப்போடு ஒத்துப்போக வேண்டும். பழைய கறுப்பு சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 இருக்கும்; மற்றவற்றில் பெரும்பாலும் 36. சாதாரண கேபிள் பிரேக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டபுள் வால் அலாய், அதாவது இரட்டைச் சுவர் உள்ள அலுமினிய ரிம் எடுங்கள். மழையில் ஸ்டீல் ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. கேபிளுக்குப் பதில் கெட்டியான இரும்புக் கம்பி இழுக்கும் பழைய கம்பி பிரேக் வண்டிக்கு மட்டும் டபுள் வால் அலாய் ஆகாது. அதில் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை அழுத்துவதால், அதற்கென்றே வரும் வடிவ ரிம்தான் வேண்டும். ரிம்மின் ஆழம் மாறினால் கம்பியின் நீளமும் மாறும், பழைய கம்பியையே போடச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள்.

அப்புறம், கட்டி வாங்கி ஒரு வாரம் ஓட்டியதும் மறுபடி கடைக்குக் கொண்டுபோய் கம்பிகளை இறுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு ரிம்முக்கும் நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.