குதிரைத்திறனை மறைக்க முடியுமா? ஜிடி கார் விதிகள்: கேள்வி-பதில்

கேள்வி: பிரான்ஸின் 24 மணி நேரக் கார் பந்தயமான லே மான்ஸில், சாலை ஸ்போர்ட்ஸ் கார்களை அடிப்படையாகக் கொண்ட ஜிடி கார்கள் ஓடிய ஜிடிஇ வகுப்பை ஏன் கைவிட்டார்கள்?

செலவுதான் காரணம். ஜிடிஇ கார்களை ஓட்டுவது யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகிவிட்டது. கார் நிறுவனங்கள் நேரடியாகப் பணம் போட்டவரை தாக்குப்பிடித்தது. அவை ஒவ்வொன்றாக விலகியதும் ஆட்டம் கண்டுவிட்டது. 2006-இல் பிறந்த இன்னொரு ஜிடி வகுப்பான ஜிடி3 அப்படியல்ல. தனியார் அணி ஒன்று நிறுவனத்திடம் விலைக்கு வாங்கி நேரே களத்தில் இறக்கும் கார் அது. லே மான்ஸையும் உள்ளடக்கிய நெடுநேரப் பந்தயத் தொடரான உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப் 2023-உடன் ஜிடிஇக்கு விடை கொடுத்து, 2024 முதல் எல்எம்ஜிடி3 என்ற பெயரில் இந்தக் கார்களை ஏற்றுக்கொண்டது. போர்ஷே 911 ஆர்எஸ்ஆரில் எஞ்சினைப் பின்அச்சுக்கு முன்னால் நகர்த்திய துணிச்சலெல்லாம் ஜிடிஇயோடு போயிற்று. அது எனக்கு வருத்தமே.

கேள்வி: எல்எம்ஜிடி3-இல் டார்க் சென்சார், அதாவது முறுக்கு விசையை அளக்கும் கருவி, கட்டாயமாமே, அது எதற்கு?

புதிய விதிகளில் ஒன்றே ஒன்றைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். முன்பெல்லாம் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றைத் தடுப்பு வளையத்தால் குறைப்பார்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ என்றால் அதன் அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைப்பார்கள். இரண்டுமே எஞ்சினுக்குள் போவதைத்தான் கட்டுப்படுத்தின. வெளியே வரும் திறன் கணக்கீடாகவே இருந்தது. பிரேசிலின் இன்டர்லாகோஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. கார்வெட்டின் 5.5 லிட்டர் வி8 போன்ற, டர்போ இல்லாத எஞ்சின் மூச்சு வாங்கும். டர்போ எஞ்சினோ அழுத்தத்தைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளும்.

இப்போது பின்சக்கரங்களுக்குத் திறனைக் கொண்டுசெல்லும் தண்டுகளிலேயே சென்சார் இருக்கிறது. முறுக்கம் ஏறும்போது தண்டின் காந்தப் புலம் இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தைப் படித்து, சுழலும் வேகத்தோடு பெருக்கினால் சக்கரத்துக்குப் போகும் திறன் கிடைத்துவிடும். அனுமதித்த திறன் கோட்டைத் தாண்டினால் அதிகாரிகளின் திரையில் தெரியும், தண்டனையும் வரும். பெட்ரோல் நிரப்பும் இடைவெளிக்குள் எவ்வளவு ஆற்றல் செலவிடலாம் என்பதையும் இதை வைத்தே மெகாஜூலில் வரையறுக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் வேகத்தை ஒளித்து வைக்கும் தந்திரம் ஒழிந்ததா?

இல்லை. எஞ்சின் திறன் குறித்த ஏமாற்று வேலைக்குத்தான் இடம் குறைந்திருக்கிறது. வளைவில் ஓட்டுநர் வேண்டுமென்றே சற்று முன்னதாகக் காலைத் தூக்கினால் எந்தச் சென்சார் என்ன செய்யும்? வெவ்வேறு கார்களின் திறனையும் எடையையும் மாற்றி வேகத்தைச் சமப்படுத்தும் முறைக்கு பிஓபி என்று பெயர். வேகத்தைக் காட்டினால் அது காரைக் கட்டுப்படுத்திவிடும் என்பதால், அந்த முறை இருக்கும்வரை இந்தக் கண்ணாமூச்சியும் இருக்கும். ஆனாலும் அந்த முறையை நான் ஆதரிக்கிறேன். மஸ்டாங்கின் 5.4 லிட்டர் வி8-உம் பிஎம்டபிள்யூ எம்4-இன் 3 லிட்டர் இரட்டை டர்போவும் ஒரே வகுப்பில் மோத வேறு வழியில்லை. வென்ற காரின் மீது கூடுதல் எடை ஏற்றுவதுதான் எனக்கு உறுத்துகிறது. பிஓபி காரைச் சரிசெய்கிறது. இந்த எடையோ நன்றாக ஓட்டியதற்கான அபராதம்.

கேள்வி: சாலையில் ஓடும் ஃபெராரி 296-ஐவிடப் பந்தயக் கார் பலவீனமானதா?

குதிரைத்திறனில் ஆம். சாலைக் கார் மின்மோட்டாரையும் சேர்த்து 830 குதிரைத்திறன் தரும். பந்தயக் காரில் மின்மோட்டார் கிடையாது. வி6 எஞ்சின் மட்டும் சுமார் 600 தரும், பிஓபி அதையும் வெட்டக்கூடும். ஆனால் குறைந்த எடை, வழுவழுப்பான பந்தய டயர்கள், பெரிய பின்இறக்கை ஆகியவற்றால் சுற்று நேரத்தில் சாலைக் கார் அதன் அருகில்கூட வராது.

கேள்வி: பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உண்டா?

ஜிடி3-இல் உண்டு, ஜிடிஇயில் கிடையாது. எல்எம்ஜிடி3 அணி ஒவ்வொன்றிலும் வெண்கலத் தரத்து ஓட்டுநர் ஒருவர், அதாவது தொழில்முறையில் இல்லாத ஒருவர், கட்டாயம் இருக்க வேண்டும். இரவில், மழையில், பின்னால் அதிவேக ஹைப்பர்கார் வகுப்புக் கார்களின் விளக்குகள் நெருங்கும்போது அவர் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் ஏன் அனுமதித்தார்கள் என்று புரியும்.

கேள்வி: அணியே சொந்தமாக ஒரு இறக்கையைச் செய்து பொருத்தலாமா?

கூடாது. ஹோமோலொகேஷன் ஆவணத்தில், அதாவது காருக்கு ஒப்புதல் அளிக்கும் ஆவணத்தில், பதிவான பாகம்தான் செல்லும். மேம்பாடு வேண்டுமானால், கார் நிறுவனம் ‘ஈவோ’ எனப்படும் மேம்பட்ட பாகங்களின் தொகுப்பை வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.