சணல், சாக்கு, சிரட்டை: கிறிஸ்துமஸ் அலங்காரக் கேள்விகள்

கேள்வி: ‘ரஸ்டிக் உட் ஆர்னமென்ட் கிட், 60 பீஸ்’ என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் 899 ரூபாய் கொடுத்தேன். பெட்டியில் 20 நட்சத்திரம், 20 கொக்கி, 20 துண்டு நூல். நட்சத்திரம் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. இதை 60 பீஸ் என்பார்களா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: என்பார்கள். கொக்கியையும் நூலையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடுவது இந்த வியாபாரத்தில் ரொம்ப நாள் பழக்கம். என் வீட்டுப் பரணிலும் இதே ரகத்தில் ஒரு பெட்டி கிடக்கிறது.

‘உட்’ என்கிறார்களே, அதையும் சோதித்துவிடுங்கள். ஒரு நட்சத்திரத்தை உடைத்து முறிந்த இடத்தைப் பாருங்கள். ரேகை ஓடினால் மரம். ரேகையே இல்லாமல் பஞ்சுபோலப் பிசிறினால் எம்.டி.எஃப்., அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை. ஓரம் கருகிக் கறுப்பாக இருந்தால் லேசரில் வெட்டியது. ‘கைவினை’ என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். கை பட்டது பெட்டியில் அடுக்கும்போது மட்டும்தான். இந்தப் பலகைக்கு ஈரம் ஆகாது. வாட்டர் கலரை நேரே பூசினால் ஓரம் உப்பிவிடும். முதலில் ஒரு கோட் வார்னிஷ், அது காய்ந்தபின் பெயின்ட்.

ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியது படத்தை அல்ல. குறுக்களவு எத்தனை செ.மீ., கனம் எத்தனை மி.மீ., கொக்கி நூல் நீங்கலாக எத்தனை உருப்படி. இந்த மூன்றும் எழுதியிருக்காத பக்கத்தில் வாங்கவே வாங்காதீர்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போனதும் வாசகத்தை மாற்றிவிடுவார்கள். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ‘புகார் கிடைத்தது’ என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

அதே 20 நட்சத்திரத்தைக் குச்சியில் செய்யலாம். பென்சிலைவிட மெல்லிய குச்சி, 12 செ.மீ. நீளத்தில் 100. கட்டுகிற சணல் முனைக்கு 30 செ.மீ., நட்சத்திரத்துக்கு ஒன்றரை மீட்டர், மொத்தம் 30 மீட்டர். ஐந்து குச்சியையும் கையெடுக்காமல் நட்சத்திரம் போடுகிற வரிசையில் வையுங்கள். குறுக்கே வெட்டும் இடங்களில் ஒன்றன் மேல் ஒன்று, அடுத்ததன் கீழ் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோத்தால் வளையாமல் தட்டையாக நிற்கும். பச்சைக் குச்சி வேண்டாம். காயும்போது அது சுருங்கும், கட்டு தளர்ந்து நட்சத்திரம் சரிந்துவிடும். ஒரு வாரம் நிழலில் காயப்போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சொட்டு ஃபெவிகால் வையுங்கள்.

கேள்வி: சின்ன க்ளூ கன் ஒரு கடையில், அதில் உருக்கும் பசைக் குச்சி ஒரு கிலோ இன்னொரு கடையில் வாங்கினேன். குச்சி உள்ளே நுழையவே இல்லை. – திருச்சி

பதில்: 20 வாட் சின்ன கன்னுக்கு 7 மி.மீ. குச்சி, பெரியதற்கு 11 மி.மீ. பை மேலேயே போட்டிருக்கும். படித்திருக்கலாம். பிரிக்காத பை என்றால் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: உப்பு மாவில் மணி, தேவதை எல்லாம் செய்து மரத்தில் தொங்கவிட்டோம். இரண்டாவது வாரமே பிசுபிசுத்து, துளை கிழிந்து ஒவ்வொன்றாக விழுந்தன. மேற்பரப்பிலும் குழி குழியாக இருந்தது. – கோவை

பதில்: குழி விழுந்ததற்குக் காரணம் கல் உப்பு. அது கரையாமல் மாவுக்குள் நின்றுவிடும். பொடி உப்பு போடுங்கள். மைதா 2 கப், உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப்பை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக. பத்து நிமிடம் பிசைய வேண்டும். அவசரப்பட்டால் ஓரத்தில் வெடிப்பு வரும். 5 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, ஈரமாக இருக்கும்போதே ஜூஸ் ஸ்ட்ராவால் துளை போடுங்கள். விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளி, அதைவிட ஓரமாகப் போட்டால்தான் கிழிகிறது.

ஓவனில் 110 முதல் 120 டிகிரி, இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பி. சூட்டைக் கூட்டினால் பூரிபோல உப்பும். ஓவன் இல்லாதவர்கள் நல்ல வெயிலில் மூன்று நாள் காயவைக்கலாம், ஆனால் மழை விட்டால்தானே? அதனால் அக்டோபர் பாதிக்குள் செய்து முடிப்பது நல்லது.

பிசுபிசுப்புக்கு வருகிறேன். மழைக்காலக் காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுக்கும். முழுக்கக் காய்ந்தபின் வார்னிஷ் இரண்டு கோட் பூச வேண்டும்: முன்னால், பின்னால், துளைக்குள்ளேயும். பெரும்பாலோர் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. வார்னிஷுக்குப் பதில் ஃபெவிகாலைப் பூசாதீர்கள், ஈரத்தில் அதுவே ஒட்டும்.

உப்பே வேண்டாம் என்றால் சமையல் சோடா 2 கப், கார்ன்ஃப்ளார் 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். சிறு தீயில் கிளறி, சட்டியில் ஒட்டாமல் திரளும்போது இறக்கி, ஈரத்துணி போட்டு மூடி ஆறவையுங்கள். நல்ல வெள்ளையாக வரும், பெயின்டே வேண்டாம். சோடாவை 100 கிராம் டப்பாவாக வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். மொத்த மளிகைக் கடையில் எடைக்குக் கிடைக்கும்.

கேள்வி: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் பிரித்த காசு 3,200 ரூபாய். 150 பைன் காய் அனுப்புவதாகச் சொன்ன ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு யு.பி.ஐ.யில் போட்டேன். பொய்யான டிராக்கிங் எண் கொடுத்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் என்ன சொல்வது? – ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: டீச்சர், வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. பிள்ளைகளின் காசு என்று தெரிந்தும் சுருட்டியவன் வெட்கப்படட்டும். இதை வாசிக்கும் முன்பே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இப்போதே செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கில் பணம் முடங்க வாய்ப்பு. பரிவர்த்தனையின் அடையாள எண்ணான யு.டி.ஆர்., நேரம், அந்தப் பக்கத்தின் பெயர், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கட்டும். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பைன் காய்க்கு மாற்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சவுக்குத் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் காய்களைப் பிள்ளைகளை விட்டே பொறுக்கச் சொல்லுங்கள், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. வெயிலில் வைத்தால் காய் வாய் திறந்து விதை கொட்டும். கொட்டி முடித்தபின் ஐந்தைந்தாகக் கம்பியில் கட்டினால் அழகான கொத்து. ஓலை நட்சத்திரம் வேண்டுமென்றால் மணப்பாட்டில் ஓலை முடையும் பெண்களிடம் நேரில் வாங்குங்கள். சாயம் போட்ட ஓலையை எங்கே வாங்கினாலும் ஈரக் கைக்குட்டையால் ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் பூஞ்சை, எடுக்காதீர்கள்.

கேள்வி: தங்க நிற ஸ்ப்ரே ஆறு டப்பா வாங்கினேன். இரண்டில் மூக்கு அடைத்துக்கொண்டது. பில் வாங்கவில்லை. கடைக்காரர் மறுக்கிறார். – மதுரை

பதில்: பில் இல்லாமல் எதை வைத்துப் பேசுவது? பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம்தான், 2019 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நீங்கள் கேட்கவே இல்லையே. பில் இருந்து, அதில் கெடு எதுவும் போடாமல் இருந்தால், பழுதான பொருளை 30 நாளுக்குள் அவர் திரும்ப எடுக்க வேண்டியவர். ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவைக் காட்டிப் பாருங்கள். அதற்கு முன் டப்பாவின் மூக்கைக் கழற்றித் தின்னரில் ஊறப்போடுங்கள், பாதி நேரம் திறந்துவிடும். அடுத்த தடவை அடித்து முடித்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்துங்கள்.

கேள்வி: ஆரஞ்சு வில்லைகளைக் காயவைத்தால் தோல் தனி, சுளை தனி. மாடியில் வைத்தது பூத்துப்போனது. – சென்னை

பதில்: நாக்பூர் ஆரஞ்சுக்குத் தோல் தளர்வு, அதனால் பிரியும். தோல் ஒட்டிய மால்டா அல்லது சாத்துக்குடி வாங்குங்கள். 5 மி.மீ. வில்லை, துணியால் ஒற்றி, 95 முதல் 100 டிகிரி ஓவனில் மூன்று, நான்கு மணி நேரம், மணிக்கு ஒருமுறை திருப்பி. டிசம்பரில் சென்னை மாடி இதற்கு உதவாது. இதற்காக ஓவன் வாங்காதீர்கள்.

கேள்வி: அலங்காரத்துக்கு விலை உயர்ந்த சிலோன் பட்டையே நல்லதா?

பதில்: வேண்டாம். அது தாள்போல நொறுங்கும். சாதாரணக் கனத்த பட்டையில் சுருண்டதாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சவுக்குக் கழியை வட்டு வட்டாக அறுத்து வாங்கினேன். பத்தே நாளில் நடுவிலிருந்து ஓரம்வரை வெடித்துவிட்டது. அறுத்தவர் காசைத் திருப்பித் தர வேண்டாமா? – திண்டுக்கல்

பதில்: காய்ந்த கழி என்று சொல்லிக் கொடுத்திருந்தால் தர வேண்டும். பச்சைக் கழி என்று தெரிந்தே வாங்கியிருந்தால் முடியாது. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுப்பு தாங்காமல்தான் வெடிக்கிறது. அடுத்த முறை சாரம் கட்டிப் பழசான கழியைக் கேளுங்கள், 4 செ.மீ. குறுக்களவில். 8 மி.மீ. கனத்துக்கு அறுத்து, இரண்டு முகத்திலும் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து பூசி, செய்தித்தாளில் சுற்றி நிழலில் வையுங்கள். மெதுவாகக் காய்ந்தால் வெடிப்பு குறையும். வெடித்த வட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வெடிப்புக்குள் சணலை அழுத்தி ஒட்டி, அந்த முனையையே மேலே இழுத்துத் தொங்கவிடலாம். துளை போடும் வேலை மிச்சம்.