ஓப்பன்ஈஎம்ஆர் நம்மூர் கிளினிக்குக்கு ஒத்துவருமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிளினிக்கில் நோயாளிப் பதிவுகளை வைக்கும் ஓப்பன்ஈஎம்ஆர் மென்பொருளை நிறுவினோம். திறந்தால் எடைக்குப் பவுண்ட், பணத்துக்கு டாலர், இன்சூரன்ஸ் என்று எல்லாம் அமெரிக்கக் கணக்கு. புரோகிராமர் வைத்து மென்பொருளின் நிரலை மாற்ற வேண்டுமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: வேண்டாம். பெரும்பாலானவை செட்டிங்கிலேயே சரியாகிவிடும். அட்மின் மெனுவில் கான்ஃபிக் (பழைய பதிப்புகளில் குளோபல்ஸ்), அதற்குள் லொக்கேல் பக்கத்துக்குப் போங்கள். தேதியை நாள்/மாதம்/ஆண்டு என்று வையுங்கள். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா. இதை விட்டுவிட்டு சர்வர் யூடிசி நேரத்தில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) ஓடினால், காலை 5.30-க்கு முன் பதிவாகிறவை முந்தைய நாள் தேதியில் போய் விழும். நாணயக் குறியை ரூ. என்று மாற்றலாம். ஆனால் லட்சத்தை 1,00,000 என்று காட்டாது, 100,000 என்றுதான் காட்டும். இன்சூரன்ஸ் பகுதியை மறைக்க சிம்பிளிஃபைடு டெமோகிராஃபிக்ஸ் என்ற தேர்வு போதும்.

அளவுகளில்தான் கவனம் தேவை. மெட்ரிக் மட்டும் என்று வைத்தால் காய்ச்சலும் செல்சியஸுக்குப் போய்விடும். நம் டாக்டர்களுக்கு ஃபாரன்ஹீட்டில் 101, 102 என்று பார்த்தே பழக்கம். அதனால் இரண்டு அளவும் தெரியட்டும், மெட்ரிக் முதன்மையாக இருக்கட்டும் என்ற தேர்வை எடுங்கள்.

திரையில் எது தெரிந்தாலும், டேட்டாபேஸ் எடையை பவுண்டிலும் உயரத்தை அங்குலத்திலும்தான் சேமிக்கிறது. பழைய எக்செல் பதிவுகளை நேராக டேபிளில் ஏற்றுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். 12 கிலோ குழந்தைக்கு 12 என்றே ஏற்றினால், திரையில் 5.44 கிலோ என்று வரும். அந்த எடையைப் பார்த்து மருந்தளவு போட்டால் பாதிகூடத் தேறாது. ஏற்றுவதற்கு முன் கிலோவை 2.20462-ஆல் பெருக்குங்கள்.

கேள்வி: அமெரிக்கர்களின் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்கும் கட்டத்தில் தேசிய அடையாள அட்டை எண்ணைப் போடலாமா? தகப்பன் பெயரை எங்கே எழுதுவது?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: படிவக் கட்டங்களை மாற்றும் லேஅவுட் எடிட்டரில் அந்தக் கட்டத்தை 'அன்யூஸ்டு' ஆக்கிவிட்டு, புதிதாக ஒரு டெக்ஸ்ட் கட்டம் சேருங்கள். நீளம் 12 இருக்கட்டும். பழைய அட்டை 9 இலக்கமும் V அல்லது X எழுத்தும், புதியது 12 இலக்கம். எண் வகைக் கட்டமாக வைத்தால் பழைய அட்டை ஏறாது.

தகப்பன் பெயருக்குக் கடைசிப் பெயர்க் கட்டமே பொருத்தம். லேபிளை மட்டும் மாற்றுங்கள். கட்டத்தை நீக்க வேண்டாம், தேடலும் பில்லும் அதை நம்பியிருக்கின்றன. பட்டியல்களில் கடைசிப் பெயர்தான் முதலில் வரும். நோயாளியைக் கூப்பிடும் பணியாளருக்கு இதைச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் தகப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

கேள்வி: மருந்துச் சீட்டில் b.i.d. (நாளைக்கு இரண்டு வேளை), t.i.d. (மூன்று வேளை) என்று வருகிறது. காலை-மதியம்-இரவு வரிசையில் 1-0-1 என்று வர வழி உண்டா?
– கோவை வாசகர்

பதில்: உண்டு. லிஸ்ட்ஸ் பகுதியில் மருந்து இடைவெளிப் பட்டியலைத் திறந்து புது வரிகளாக 1-0-1, 1-1-1, 0-0-1 சேருங்கள். பழைய வரிகளைத் திருத்தி எழுதவே கூடாது. சீட்டில் சேமிக்கப்படுவது வரியின் அடையாள எண் மட்டுமே. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றிருந்த வரியை 1-1-1 என்று மாற்றினால், போன வருடம் எழுதிய சீட்டுகளிலும் மூன்று வேளை என்று மாறித் தெரியும். நோயாளியின் மருத்துவ வரலாறே பொய்யாகிவிடும். வேண்டாத வரியின் 'ஆக்டிவ்' டிக்கை எடுத்துவிட்டால் புதுச் சீட்டில் வராது.

கேள்வி: திரைச் சொற்களைத் தமிழில் மாற்றியிருக்கிறோம். புதிய பதிப்புக்குப் போனால் அழிந்துவிடுமா?
– கிள்ளான் வாசகர், மலேசியா

பதில்: மென்பொருளின் லாங்குவேஜ் பக்கம் வழியாகச் சேர்த்திருந்தால் அழியாது. அவை தனி டேபிளில் இருக்கின்றன. அப்கிரேடு முடிந்ததும் அதே பக்கத்தில் சிங்க்ரனைஸ் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். மென்பொருளின் நிரல் இருக்கும் பிஎச்பி கோப்புகளுக்குள் நேராக எழுதியிருந்தால் போனது போனதுதான்.

பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸ் மட்டும் போதாது, ஸ்கேன் செய்த ரிப்போர்ட்டுகள் இருக்கும் சைட்ஸ் ஃபோல்டரும் வேண்டும். இரண்டையும் வேறொரு கணினியில் ஏற்றி, அங்கே முதலில் அப்கிரேடு செய்யுங்கள். ஒரு மருந்துச் சீட்டு, ஒரு பில், ஒரு குழந்தையின் எடைப் பதிவு மூன்றையும் பிரிண்ட் எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் மட்டும் கிளினிக் சர்வரைத் தொடுங்கள்.