பக்கத்து வீட்டில் விடப்பட்ட தம்பி

கேள்வி: எனக்கு வயது 23. எனக்கும் தம்பிக்கும் 20 வயதுக்கு மேல் வித்தியாசம்; அவனுக்கு இப்போது 2 வயது 5 மாதம். ஒரு வயதில் ‘அம்மா’, ‘தாத்தா’, ‘காக்கா’, ‘பூ’ என்று சொன்னவன், ஒன்றரை வயதுக்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டான். ‘காக்கா’ என்று சொன்ன வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அடுப்படியில் பிஸ்கட் உறையைப் பிரித்தால் ஓடி வருகிறான். பொம்மை ஆட்டோவைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். மாமாவும் நான்கு வயதில்தான் பேசினார் என்று சொல்லிப் பாட்டி தினமும் நாக்கில் வசம்பு தடவுகிறார். செல்போன்தான் காரணம் என்கிறார் அப்பா. தடுப்பூசி என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. (என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவனை அந்த அக்கா வீட்டில்தான் விட்டிருந்தோம், அங்கும் யாருடனும் ஒட்டவில்லையாம்.) ஆவணியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் மறுபடி வருகிறார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால், “உன் விஷயம் முடியட்டும்” என்கிறார் அம்மா. இது ஆட்டிசமா, தாமதப் பேச்சா? அவனுக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடவா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருக்கும் வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் செய்திருப்பீர்கள், கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருப்பீர்கள், சித்தப்பா பெரியப்பா எல்லோரையும் அழைத்திருப்பீர்கள். அந்த வீட்டின் ஒரே ஆண் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் விட்டிருக்கிறீர்கள். அழுது அடம்பிடிப்பான் என்பதற்காக விட்டிருந்தால் அதை அடைப்புக்குறிக்குள் ஒளித்து எழுதியிருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் பல வந்துவிட்டன. ஊர் மாறும், குழந்தையின் வயது மாறும், வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருப்பது மட்டும் மாறுவதே இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாமாவின் கதையை இதில் கொண்டுவராதீர்கள். அவர் நான்கு வயது வரை பேசாமலிருந்து பிறகு பேசியவர். உங்கள் தம்பி பேசிக்கொண்டிருந்து நிறுத்தியவன். தாமதமாகப் பேசும் குழந்தைக்குக்கூடச் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லும் மருத்துவர் இருக்கக்கூடும். வந்த சொற்கள் போய்விட்டன என்று சொன்னால், எந்த வயதானாலும் உடனே பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் குழந்தை மருத்துவத்தின் விதி. ஆட்டிசம் என்பது பிறரோடு பழகுவதையும் பேச்சையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு. அது உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, பெரும்பாலும் 15 முதல் 24 மாதத்துக்குள், இப்படிக் கற்ற சொற்களையோ சிரித்து முகம் பார்க்கும் பழக்கத்தையோ இழக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லமாட்டேன். பிஸ்கட் உறைக்கு ஓடி வருவதால் காது நன்றாக இருக்கிறது என்று வீட்டில் முடிவு செய்திருப்பீர்கள். சில ஒலிகள் கேட்டுப் பேச்சொலிகள் சரியாகக் கேட்காத குழந்தைகளும் இருப்பதால், தூங்கும் குழந்தையின் தலையில் சிறு மின்முனைகளை ஒட்டிச் செய்யும் ‘பெரா’ என்ற செவிப் பரிசோதனையை முதலில் எடுக்கச் சொல்வார்கள். வலிப்பின் சாயல் ஏதேனும் தெரிந்தால் மூளை அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் எடுக்கச் சொல்லலாம்.

‘எம்-சாட்’ என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள்: நீங்கள் விரல் நீட்டிக் காட்டும் பொருளைத் திரும்பிப் பார்க்கிறானா, தனக்குப் பிடித்ததை உங்களிடம் காட்ட எடுத்து வருகிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா என்பது போன்றவை. நோயை முடிவு செய்வதற்கல்ல, மேற்கொண்டு யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு. அது 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. உங்கள் தம்பிக்கு 29 மாதம். முப்பதைத் தாண்டினால் கதவு அடைபட்டுவிடாது, வேறு அளவுகோல்கள் உண்டு. ஆனால் உங்கள் வீடு எந்த நாளுக்காகக் காத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆடி கழிய வேண்டும், பெரியவர்கள் வந்து பேசி முடிக்க வேண்டும், தட்டு மாற்ற வேண்டும், மண்டபம் கிடைக்க வேண்டும், கல்யாணமான புதிதில் எதற்கு என்று அதன் பிறகும் நான்கு மாதம் தள்ள வேண்டும். அதற்குள் அவனுக்கு மூன்றரை வயதாகிவிடும். மூளை மிக வேகமாக வளரும் ஆண்டுகளில் ஒன்றை உங்கள் முகூர்த்தத்துக்காக அவனிடமிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்.

வீட்டார் சொல்லும் காரணங்களுக்கு அதிக இடம் தரமாட்டேன். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே வசம்புக்குப் பெயர் வைத்த ஊரில் பாட்டியைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை என்றாலும், குழந்தை மருத்துவர்கள் அதை வேண்டாம் என்றே சொல்வதால் நாளையிலிருந்து நிறுத்துங்கள். தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் போடப்படுகிறது. சொற்கள் மறையும் காலமும் அதுவேயாக இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுகிறது. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. வெளியிட்ட மருத்துவ இதழே அதை 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை, ஆனாலும் அதை அவன் கையிலிருந்து வாங்கிவிடுங்கள், அவனுக்கு இப்போது மனித முகங்கள் தேவை. (செல்போன்தான் காரணம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்ட அப்பா, அதை அவனிடம் கொடுத்தது யார் என்பதையும் சொல்லியிருக்கலாம்.)

உங்கள் அம்மாவை நான் வில்லியாகப் பார்க்கவில்லை. நாற்பதைக் கடந்து, வளர்ந்த மகள் வீட்டில் இருக்கும்போது கருவுற்ற பெண்ணை ஊர் என்னவெல்லாம் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்; இப்போது பிள்ளை பேசவில்லை என்றால் அதுவும் அவர் கணக்கில்தான் எழுதப்படும். தாயின் பாசக் குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே நம்பினார்கள். தானே ஆட்டிசக் குழந்தையின் தகப்பனாக இருந்த அமெரிக்க உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்டு 1964-இல் அதை மறுத்து எழுத வேண்டியிருந்தது. அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பயத்துக்கு விலையாகப் பேச முடியாத பிள்ளையைக் கொடுப்பதில் நியாயமில்லை.

உங்களிடம்தான் எனக்குக் கோபம். படித்திருக்கிறீர்கள், இணையத்தில் தேடியிருக்கிறீர்கள், ஆட்டிசம் என்ற சொல்லை அந்த வீட்டில் நீங்கள்தான் முதலில் உச்சரித்திருப்பீர்கள். அப்படியிருந்தும் அன்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டை ஏந்தி வந்தபோது, தம்பி எங்கே இருக்கிறான் என்பது தெரிந்தேதான் வந்தீர்கள். இது ஒரு நாளோடு முடியும் என்று நினைக்கிறீர்களா? நிச்சயதார்த்தத்தன்று ஒளிக்க வேண்டும், வரவேற்பு மேடையில் ஒளிக்க வேண்டும், தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை வரும்போது ஒளிக்க வேண்டும். பிறகு உங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து காது குத்துவீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அந்தத் தாய்மாமன் அவன்தான், வேறு ஒருவர் இல்லை. அன்றைக்கு அவனை எந்த வீட்டில் விடுவதாக உத்தேசம்?

“பரம்பரையா?” என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்களே என்ற அச்சம் அம்மாவுக்கு இருக்கும். ஆட்டிசத்தில் மரபணுவுக்குக் கணிசமான பங்கு உண்டு, அதை நான் மறைக்கப்போவதில்லை. அதனாலேயே நீங்களும் மறைக்கக் கூடாது. தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை உங்களை மணக்கப்போகிறவருக்கு உண்டு. கேட்டுவிட்டு எழுந்து போகிற குடும்பம் போகட்டும். கல்யாணமே வேண்டாம் என்ற உங்கள் யோசனையை மட்டும் உடனே கைவிடுங்கள். யாரும் கேட்காத அந்தத் தியாகத்தால் அவனுக்கு ஒரு சொல்கூடத் திரும்ப வராது, அம்மாவின் தலையில் இரண்டாவது குற்றமாக அது ஏறும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ, டி.இ.ஐ.சி. என்று அழைக்கப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் இம்மையங்களில் பரிசோதனைக்குக் கட்டணமில்லை. பரிசோதித்தாலே ஊனமுற்றவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று அம்மா சொன்னால், சான்றிதழ் என்பது நாம் விண்ணப்பித்தால்தான் வரும் என்று சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்திருப்பதால், தேவைப்படும் நாளில் அது அவனுக்கு உரிமையாகவே கிடைக்கும். மருத்துவர் பெயரிடும்வரை காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்க முடியுமா என்றும் அங்கேயே கேளுங்கள். போகும்போது அந்தப் போனை மறக்காதீர்கள். ‘காக்கா’ என்று அவன் சொன்ன வீடியோவின் தேதியை மருத்துவர் கட்டாயம் கேட்பார்.

அப்பாவையும் கூட அழைத்துக்கொண்டு ஆடி முடிவதற்குள் போய் வாருங்கள். ஆவணியில் பெரியவர்கள் வரும் நாளில், ஆட்டோவைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, கூடத்தில் அதே ஜமுக்காளத்தின் மேல் அவனும் உட்கார்ந்திருக்கட்டும்.