பாஸ்கா நாடகம் என்றால் என்ன? அது ஏன் சமூகத்தையும் தொடுகிறது?

இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் உயிர்ப்பையும் மேடையில் நடித்துக் காட்டுவதே பாஸ்கா நாடகம். ஜெர்மனியின் ஓபராம்மர்காவ் கிராமத்தார், கொள்ளைநோயிலிருந்து தப்பித்தால் நடிப்போம் என்று 1633-ல் நேர்ந்துகொண்டு, 1634 முதல் நடத்திவருகிறார்கள். கொரோனாவால் 2020 நாடகம் 2022-க்குத் தள்ளிப்போனது.

சரி, சமூகம் எங்கே வருகிறது? இயேசுவின் சாவுக்கு யார் காரணம் என்ற கேள்விக்கு மேடை ஒரு முகத்தைக் காட்டியாக வேண்டும். பாட்டி கதையில் கெட்டவன் யார் என்பது பிள்ளை மனதில் ஒட்டிக்கொள்வதுபோல, அங்கே யூதர்மீதான வெறுப்பு ஒட்டிக்கொண்டது. 1934-ல் ஹிட்லரும் வந்து பார்த்தார். 1990 முதல் இந்நாடகத்தை இயக்கிய கிறிஸ்டியான் ஸ்டூக்கல் காலத்தில் வசனங்கள் திருத்தப்பட்டு, இயேசு யூதராகவே காட்டப்பட்டார். அந்தத் திருத்தமும் விசுவாசத்தின் செயல்தான் என்பேன்.

இதை நற்செய்தியையே மாற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். மாறியது கிராமத்தின் நாடக வசனம்தான், வேதாகமம் அல்ல.