செந்தோசாவுக்கு வேலைக்கு வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி, சிங்கப்பூரின் செந்தோசா தீவில் உள்ள ரிசார்ட்டின் உணவகப் பிரிவில் வேலை உறுதியாகியிருப்பதாகவும், அந்த இடத்தை நம்பி மண்டபம் ஊரை விட்டு வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கும் நான் இப்போது விடுப்பில் கீழக்கரைக்கு வந்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வேலை நிலைக்கும், ஆனால் நீங்கள் வேலை பார்க்கும் கட்டடம் நிலைக்கும் என்று எண்ணாதீர்கள். 'பின்னால் மரணம்' என்று பொருள்படும் பிளாக்காங் மாத்தி என்ற மலாய்ப் பெயரோடு, ஆங்கிலேயரின் பீரங்கிகளைத் தாங்கி நின்ற தீவு அது. சுற்றுலாவுக்கு மாற்ற முடிவெடுத்தபோது பொதுமக்களிடம் பெயர் கேட்டுப் போட்டி வைத்துச் செந்தோசா என்று சூட்டினார்கள். நாம் சொல்லும் சந்தோஷம்தான் மலாயில் அமைதி என்ற பொருளில் அப்படி ஆகியிருக்கிறது. 1972-இல் அதற்கென ஒரு வளர்ச்சிக் கழகமும், 1974-இல் கேபிள் காரும், 1982-இல் மோனோரயில் என்ற ஒற்றைத் தண்டவாள ரயிலும் வந்தன. பாம்பனில் 1988-இல் சாலைப் பாலம் திறந்த பிறகு இராமேசுவரத்தின் போக்கே மாறியதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். செந்தோசாவுக்கு அந்த மாற்றம் 1992-இல் பாலம் வந்தபோது ஏற்பட்டது.

நான் போன புதிதில் ஏறிச் சுற்றிய அந்த மோனோரயிலை 2005-இல் நிறுத்திவிட்டார்கள். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட 37 மீட்டர் உயர மெர்லயன் சிலையின் வாயருகே நின்று கடலைப் பார்த்திருக்கிறேன். 2019-இல் அதையும் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். அதே 2005-இல்தான் சூதாட்ட விடுதிக்கு அனுமதி தரும் முடிவை அரசு, பலத்த எதிர்ப்புக்கிடையே, அறிவித்தது. மறு ஆண்டு கெந்திங் நிறுவனம் ஏலத்தை வென்று, 49 ஹெக்டேரில் சுமார் 659 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலவில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசாவைக் கட்டியது. 2010 சனவரியில் விடுதிகளும், பிப்ரவரியில் சூதாட்டக் கூடமும், மார்ச்சில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்ற பொழுதுபோக்குப் பூங்காவும் திறந்தன. 2012-இல் வந்த கடல் காட்சியகம்கூட 2025-இல் பெரிதாக்கப்பட்டு வேறு பெயர் பெற்றுவிட்டது. ஆகவே ஒரே கடையின் வேலையோடு நின்றுவிடாமல், பக்கத்துப் பிரிவின் வேலையையும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இடம் மாற்றும்போது கைகொடுக்கும்.

இன்னொன்றை அண்ணன் முறையில் சொல்கிறேன். அந்தச் சூதாட்டக் கூடத்துக்குள் நுழையக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நாளொன்றுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவர் வெளிநாட்டவர் என்பதால் அவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. தன் மக்களுக்குத் தடுப்பு வைத்த வாசல் நமக்குத் திறந்து கிடக்கிறது. சம்பள நாளன்று அந்தப் பக்கம் போய் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை விட்டுவந்தவர்களை எனக்குத் தெரியும்.

தீவுக்குள் அறை தேட வேண்டாம், வாடகை கட்டுப்படியாகாது. இரவுப் பணி என்றால் கடைசி ரயில் எப்போது என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.